ரொட்டி கோசோங்கும் கோப்பி ஓ கோசோங்கும்

மலேசியா போகிறோம் என்றால் ஊரில் வரும் பதில் இரண்டுதான். "நம்மாளுங்க இருக்கிற ஊரு, சாப்பாட்டுக்கு என்ன கவலை" என்பது ஒன்று. போகிறவர் கீட்டோவில், அதாவது மாவுச்சத்தை ஒடுக்கிக் கொழுப்பைக் கூட்டும் உணவுமுறையில் இருக்கிறார், அதுவும் சைவம் என்று தெரிந்தால் மற்றொன்று வரும்: "கறி மீன் தொடாம வெளிநாட்டுல கீட்டோவா? ஒரு வாரம் விட்டுடுங்க, வந்து பாத்துக்கலாம்." இரண்டிலும் பாதி உண்மை இருப்பதால் எதையும் தள்ளவும் முடிவதில்லை, ஏற்கவும் மனம் வருவதில்லை. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் சைவச் சாப்பாட்டுக்குப் பஞ்சமே கிடையாது. முட்டை, டோஃபு, தெம்பே, பனீர், தேங்காய்ப்பால், கீரை என்று சைவ கீட்டோவுக்கு வேண்டியவை நூறடிக்கு ஒரு கடையில் கிடைக்கும். ஆனால் எல்லாம் ஒரே கடையில் கிடைக்காது. 'சைவம்' என்று பலகை மாட்டிய கடையில்தான் கீட்டோ பெரும்பாலும் உடைகிறது.

ஒரு சொல்லை வைத்துப் பார்த்தால் இது சட்டென்று பிடிபடும். மலாயில் 'கோசோங்' என்றால் வெறுமை, சூன்யம். தொலைபேசி எண்ணில் வரும் பூஜ்யத்தையும் அப்படித்தான் சொல்வார்கள். கோப்பிக் கடையில் 'கோப்பி ஓ கோசோங்' கேட்டால் பாலும் சீனியும் இல்லாத கறுப்புக் கோப்பி வரும். கீட்டோக்காரருக்கு அது வரம். அதே ஆள் அடுத்த மேசையில் 'ரொட்டி கோசோங்' கேட்டால் முட்டை, வெங்காயம் எதுவும் வைக்காத வெறும் ரொட்டி சானாய் வரும், நம் பரோட்டா மாதிரி. ஒன்றிலேயே 45 கிராம் அளவுக்கு மாவுச்சத்து, முழுக்க மைதா. மேலே ஒன்றும் சேர்க்கவில்லை என்பதை மட்டும்தான் கோசோங் சொல்கிறது; உள்ளே என்ன இருக்கிறது என்பதை அது சொல்வதில்லை. 'சைவம்' என்ற சொல்லும் இந்த ரகம்தான். கறி இல்லை என்கிறது, அவ்வளவே.

ஆகவே கடையில் நின்று "இதுல கறி இருக்கா?" என்று கேட்பது தேவைதான், ஆனால் போதாது. "இது எதால கெட்டியாச்சு? எதால இனிக்குது? எதால மொறுமொறுன்னு இருக்கு?" என்ற மூன்றையும் கேட்டாக வேண்டும். இனி வருவதெல்லாம் இந்த மூன்று கேள்விகளை எந்தக் கடையில் எப்படிக் கேட்பது என்பதைப் பற்றித்தான்.

ஒரு நாளைக்கு 20 முதல் 50 கிராம் வரை நிகர மாவுச்சத்து (நார் போக மிஞ்சுவது) என்ற வழக்கமான எல்லையைக் கீட்டோவில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பயணத்தில் இருக்கும் சைவக்காரர் 20ஐப் பிடித்துத் தொங்குவது வீண் பிடிவாதம். 30 முதல் 35 என்று வைத்துக்கொண்டால் கண்ணுக்குத் தெரியாத சாஸும் வெங்காயமும் அதற்குள் அடங்கிவிடும். இன்சுலின் அல்லது கிளிமிப்பிரைடு வகை மாத்திரை எடுப்பவர்களுக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுப்பவர்களுக்கு, ரத்தச் சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலே கீட்டோஅசிடோசிஸ் (ரத்தம் அமிலமாகும் ஆபத்தான நிலை) வரக்கூடும். இவர்கள் மருத்துவரிடம் பேசாமல் கீட்டோவை விமானத்தில் ஏற்ற வேண்டாம்.

வாழையிலையில் இருப்பது

கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸிலும் லெபோ அம்பாங்கிலும், பினாங்கில் லெபோ பினாங், லெபோ பாசார் பக்கமும் தமிழ்ச் சைவக் கடைகள் வரிசையாக உண்டு. வாழையிலைச் சாப்பாட்டில் சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டாலே வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். சோற்றை விட்டால் பெரிய சுமை இறங்கிவிடும் என்பது சரிதான். வெந்த சோறு 100 கிராமில் 28 கிராம் மாவுச்சத்து, இலையில் விழுவதோ முந்நூறு கிராமுக்குக் குறையாது. ஆனால் சோறு போன பிறகு இலையில் மிச்சமிருப்பதைப் பாருங்கள். வெந்த பருப்பு 100 கிராமுக்கு நிகரமாக 12 கிராம். அப்பளம் ஒன்று ஐந்தாறு கிராம். உருளைக்கிழங்கு மசாலாவைச் சொல்லவே வேண்டாம். இந்த ஊர் வாழையிலைக்கே பெருமை சேர்க்கும் பாகற்காய்ப் பொரியலிலும் ஒரு கண் வேண்டும். பாகற்காய் மட்டும் என்றால் 100 கிராமுக்கு ஒரு கிராம்தான் நிகரம். சில்லென்று உடைகிற அந்த மொறுமொறுப்பைத் தருவது சோளமாவோ அரிசிமாவோ. கேட்டுப் பார்த்து, மாவு தொடாததாக இருந்தால் இரண்டு கை அள்ளிக்கொள்ளலாம்.

இலையில் நம் பக்கம் நிற்பவை கீரை, முட்டைக்கோஸ் பொரியல், கத்தரிக்காய், மோர் மிளகாய், தயிர், ரசம். தயிர் 100 கிராமுக்கு ஐந்து கிராம் அளவில் மாவுச்சத்து என்பதால் ஒரு கிண்ணத்தோடு நிறுத்த வேண்டும். இவற்றில் கொழுப்பும் போதாது, புரதமும் போதாது. வெறும் பொரியலைத் தின்றுவிட்டு எழுந்தால் மூன்று மணிக்குப் பசி பிடுங்கும், நாலு மணிக்குக் கை தானாக வடைக்குப் போகும். சைவ கீட்டோ வெளியூரில் தோற்பதற்கு மாவு எவ்வளவு காரணமோ அவ்வளவு காரணம் இந்தப் பட்டினியும்.

அதை அடைக்க இந்தக் கடைகளில் பனீர் உண்டு. நூறு கிராமில் 18 கிராம் புரதமும் 20 கிராமுக்கு மேல் கொழுப்பும் இருக்கும். எந்தப் பனீர் என்பதில்தான் விஷயம். பனீர் பட்டர் மசாலாவின் குழம்பில் முந்திரி அரைத்திருக்கும் (முந்திரி 100 கிராமுக்கு நிகரமாக 27 கிராம்), தக்காளிப் புளிப்பைச் சரிக்கட்டச் சீனியும் போட்டிருப்பார்கள். பனீர் 65க்குச் சோளமாவுச் சட்டை. டிக்காவில் கடலைமாவு கொஞ்சம் இருந்தாலும் பூச்சு மெல்லியது, தேறும். பாலக் பனீர், பனீர் புர்ஜி இரண்டும் நல்லவை. புர்ஜியில் வெங்காயத்தைப் பாதியாக்கி, எண்ணெய்க்குப் பதில் நெய்யில் செய்யச் சொல்லலாம், செய்து தருவார்கள். முட்டை மட்டும் கேட்காதீர்கள். தமிழ்ச் சைவக் கடையில் முட்டை கிடையாது, கேட்டால் கல்லாவில் இருப்பவர் முகம் மாறும்.

வாத்து இல்லாத வாத்து

சீனச் சைவக் கடைதான் இந்தக் கதையின் திருப்பம். மஞ்சள் பலகையும் பௌத்தச் சின்னமும் இருக்கும் கடை அது. ஹொக்கியன் பேசும் பினாங்கில் சைவச் சாப்பாட்டைச் 'சாய்' என்பார்கள். 'சியா சாய்' என்றால் சைவம் சாப்பிடுகிறவர். கோலாலம்பூரின் கண்டோனீஸ்காரர்கள் வாயில் அது 'சிக் சாய்' ஆகும். சீன நாட்காட்டியில் மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் இந்தக் கடைகளில் கூட்டம் நெரியும். உள்ளே போனால் தட்டு தட்டாக வாத்து, கோழி, மீன், ஆட்டுக்கறி ரெண்டாங். எல்லாமே போலி, எல்லாமே சைவம். கறி இல்லாமல் தவித்த கீட்டோக்காரர் கண்ணுக்கு அது முழுக்கப் புரதமாகத் தெரியும். தட்டை நிரப்பிக்கொள்வார். மாவுப் பண்டம் எதையும் தொட்டிருக்க மாட்டார், ஆனாலும் மறுநாள் காலையில், உடம்பு கீட்டோவில் இருக்கிறதா என்று காட்டும் கீட்டோன் பட்டையில் நிறம் வராது.

ஏனென்று புரிய ஒரு போலி வாத்துத் துண்டைப் பிட்டுப் பார்க்க வேண்டும். அடிப்படை கோதுமைப் புரதம், அதாவது மைதா மாவைப் பிசைந்து கழுவிக் கழுவி மாவுச்சத்து போனபின் மிஞ்சும் பசை. அந்தப் பசை தன்னளவில் பெரிய குற்றவாளி இல்லை. சுத்தமாக உலர்த்திய தூளில் நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு புரதம்தான். பசை வாத்தாக மாறும் வழியில்தான் வினை. தசை போல் இழை இழையாகப் பிரிய வேண்டும், வெட்டினால் உதிராமல் நிற்க வேண்டும், அதற்கு மரவள்ளி மாவோ சோளமாவோ பிடிமானமாகச் சேரும். தோல் போல் சுருங்கிய மேல்பகுதி சோயாத் தோல். அதைச் சீனியும் கறுப்புச் சோயா சாஸும் கலந்த பாகில் ஊறவைத்துப் பொரிக்கிறார்கள். கடையில் அதன்மேல் ஊற்றும் குழம்பு பளபளவென்று மின்னினால் அது கரைத்த சோளமாவின் மினுக்கம். போலி இறாலும் கணவாயும் பெரும்பாலும் கொன்யாக்குக் கிழங்கின் நார். அதில் நிகர மாவுச்சத்து குறைவுதான், ஆனால் இனிப்புப் புளிப்புச் சாஸில் குளிப்பாட்டித் தருவார்கள். போலி மீனில் கடற்பாசித் தாளுக்குக் கீழே சோயாத் தோல். அது தேறும், மாவில் தோய்த்துப் பொரிக்காமல் இருந்தால்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தக் கடையே வேறு கடையாகத் தெரியும். வாத்தைத் தாண்டி ஓரத்தில் பார்த்தால் நமக்கு வேண்டியது அங்கேதான் இருக்கும். டோஃபுவை இங்கே தௌஹு என்பார்கள். அழுத்தி நீர் வடித்த கெட்டிக் கட்டி தௌகுவா. நூறு கிராம் தௌகுவாவில் 17 கிராம் புரதம், 9 கிராம் அளவில் கொழுப்பு, நார் போக மாவுச்சத்து ஒரு கிராம்கூடத் தேறாது. தெம்பே என்பது அவித்த சோயாவைப் பூஞ்சையால் கட்டியாக்கியது. அதில் 19 கிராம் புரதம், 11 கிராம் கொழுப்பு, மாவுச்சத்து எட்டு கிராம் அளவில். தெம்பேயை மெல்லிய சில்லாக வெறுமனே பொரித்திருந்தால் எடுங்கள். நெத்திலி, வேர்க்கடலையோடு சேர்த்து மினுமினுக்கும் 'சம்பால் கோரெங்' என்றால் சீனிப்பாகு, அதில் நெத்திலி சைவத்தையும் கெடுக்கும். காளான், கைலான், சாவி, கங்கோங் கீரை, தாமரைத் தண்டு, கடற்பாசி எல்லாம் வரிசையாக இருக்கும். தாமரைத் தண்டு மட்டும் மாவு, மற்றவை நம்முடையவை. பௌத்தக் கடைகளில் வெங்காயம், பூண்டு சேர்ப்பதில்லை என்பது கீட்டோவுக்கு எதிர்பாராத லாபம். வெங்காயத்தில் 100 கிராமுக்கு ஏழெட்டு கிராம் நிகரம் இருக்கிறது. ஆனால் 'சைவ ஆய்ஸ்டர் சாஸ்' என்ற காளான் சாஸ் கிட்டத்தட்ட எல்லாக் கீரையிலும் விழும். அதில் சீனியும் மாவும் உண்டு. கீரையைச் சூப்பில் வாட்டி, எண்ணெயும் உப்பும் மட்டும் போட்டுத் தரச் சொன்னால் சரி.

என்னைக் கேட்டால், சைவ கீட்டோவுக்கு இந்த நாட்டில் முதல் இடம் ஹக்கா சீனர்களின் லெய் சாவுக்குத்தான். பொடிப்பொடியாக நறுக்கிய பயத்தங்காய், சிறகவரை, முட்டைக்கோஸ், கசக்காத ஒரு கீரை, தௌகுவாத் துண்டு, வறுத்த வேர்க்கடலை எல்லாம் சோற்றின்மேல் வட்டமாக அடுக்கி வரும். பக்கத்தில் தேயிலை, துளசி வகை, புதினா, எள் எல்லாம் சேர்த்து அரைத்த பச்சைச் சூப்பு. சோறு வேண்டாம், தௌகுவா இரண்டு பங்கு என்றால் அதுவே கீட்டோ. கேட்க வேண்டியவை இரண்டு. உப்புமுள்ளங்கி இனிப்பு வகையா? காய்ந்த இறால் சேர்க்கிறார்களா? சைவக் கடையில் இரண்டாவது கேள்வி தேவையில்லை. இதன் குறை ஒன்றுதான், கொழுப்பு போதாது. கைப்பையில் ஒரு சின்னப் புட்டி தேங்காயெண்ணெயோ நெய்யோ இருந்தால் ஒரு மேசைக்கரண்டி மேலே ஊற்றிக்கொள்ளலாம், 14 கிராம் கொழுப்பு ஆச்சு. பக்கத்து மேசை ஆன்ட்டி ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

ஒரு நாள், மூன்று கடை

தமிழ்ச் சைவக் கடையில் முட்டை இல்லை, பனீர் உண்டு. சீனச் சைவக் கடையில் டோஃபு உண்டு, பனீர் இல்லை, முட்டை பல கடைகளில் இல்லை. முட்டை மலிவாகக் கிடைப்பது சைவமே அல்லாத மாமாக் கடையிலும் (தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் உணவகம்) கோப்பிக் கடையிலும்தான். ஒரே கடையில் ஒரு நாளை ஓட்டப் பார்த்தால் ஏதாவது ஒன்று குறையும். காலைப் பசியாற மாமாக் கடை, மதியம் தமிழ்க் கடை, இரவு சீனக் கடை என்று நாளை மூன்றாகப் பிரித்துவிட்டால் இழுபறி பெரும்பாலும் தீர்ந்துவிடும். முட்டையும் தொடாதவர் காலையில் தங்குமிடத்திலேயே தௌகுவாவோ பனீரோ வாட்டிக்கொள்வது உத்தமம்.

மாமாக் கடையில் ஆம்லெட்டுக்குத் 'தெலோர் டாடார்' என்று பெயர். காலைப் பேச்சு இப்படிப் போகும்:

"தம்பி, தெலோர் டாடார் மூணு முட்டையில. வெங்காயம் கொஞ்சமா, பச்சை மிளகாய் நிறைய. தட்டுல குழம்பு ஊத்த வேணாம்."

"ரொட்டிக்கா?"

"ரொட்டி வேணாம்."

"குழம்பு இல்லாம எப்படிக்கா எறங்கும்? டால் ஊத்தறேன், டால் சைவம்தானே."

அந்த 'டால் சைவம்தானே'யில் அன்பும் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது. டாலில் பருப்பு மட்டுமா, உருளைக்கிழங்கும் கரைந்திருக்கும். அதோடு மாமாக் கடையில் கரண்டிகள் ஒரு குழம்பிலிருந்து இன்னொன்றுக்குப் பாய்கிறவை. நாசி கண்டார் என்ற சோற்றுச் சாப்பாட்டில் நாலைந்து குழம்பைக் கலந்து ஊற்றுவதே கலை. சைவக்காரர் அங்கே எந்தக் குழம்பையும் தொடாமல் முட்டையோடு வெள்ளரிக்காய், உலாம் என்று நிற்பது நல்லது. உலாம் என்று வைக்கும் பச்சை இலைகளில் பெகாகா நம் வல்லாரைதான், தயங்காமல் எடுக்கலாம். ஆனால் அதற்குத் தொட்டுக்கொள்ள வைக்கும் சம்பாலில் பெலாச்சான் என்ற இறால் கட்டி இருக்கும். தோசைக்கல் பொதுக்கல், கறி பட்ட கல்லே ஆகாது என்பவர்கள் கோப்பிக் கடையில் 'தெலோர் செப்பாரோ மாசாக்' கேட்கலாம். அரைவேக்காட்டு முட்டை இரண்டு, மிளகுத்தூள், ஓரிரு துளி சோயா சாஸ். முட்டை ஒன்றுக்கு ஆறு கிராம் புரதம், ஐந்து கிராம் கொழுப்பு, மாவுச்சத்து அரை கிராம்.

கூட்டிப் பார்த்தால் நாள் இப்படி வரும். காலை மூன்று முட்டை டாடார்: புரதம் 18, மாவுச்சத்து வெங்காயத்தோடு மூன்று. மதியம் பாலக் பனீர், அதில் பனீர் 150 கிராம் அளவில், ஒரு பொரியல், ஒரு கிண்ணம் தயிர்: புரதம் 30க்கு மேல், மாவுச்சத்து 18 முதல் 20. இரவு தௌகுவா 200 கிராம், காளான், கீரை: புரதம் 34, சாஸோடு சேர்த்து மாவுச்சத்து எட்டுப் பத்து. மொத்தம் 30ஐ ஒட்டி நிற்கும், புரதம் 80ஐத் தாண்டும். கொழுப்புதான் நூறைச் சுற்றியே நிற்கும். ஒரு வெண்ணெய்ப்பழமும் இரண்டு கரண்டி நெய்யும் அதைச் சரிசெய்துவிடும். வெண்ணெய்ப்பழத்தைப் பழமாக வாங்குங்கள். கடையில் 'ஜூஸ்' என்று கேட்டால் கெட்டிப்பாலோ சாக்லேட் பாகோ ஊற்றித்தான் வரும்.

சொல்ல வேண்டிய மலாய்

'டாகிங்' என்றால் அகராதியில் இறைச்சி. கடையிலோ அது மாட்டிறைச்சி. "தாக் மாகான் டாகிங்" என்று சொல்லி நிம்மதியாக உட்கார்ந்தால் கோழி வரும், கடைக்காரர் மேல் தப்பில்லை. பெயர் பெயராகச் சொல்ல வேண்டும்: "சாயா தாக் மாகான் டாகிங், ஆயாம், ஈக்கான், ஊடாங். தெலோர் போலே." மாடு, கோழி, மீன், இறால் சாப்பிட மாட்டேன், முட்டை சரி. அடுத்து, "பெலாச்சான் தாக் மாவ், ஈக்கான் பிலிஸ் தாக் மாவ், சோஸ் தீராம் தாக் மாவ்." பெலாச்சான் என்பது புளிக்கவைத்த கூனி இறால் கட்டி. கங்கோங் கீரையைப் பெரும்பாலும் அதில்தான் வதக்குவார்கள். ஈக்கான் பிலிஸ் நம் நெத்திலி, சூப்பிலும் சம்பாலிலும் ஒளிந்திருக்கும். சோஸ் தீராம் சிப்பிச் சாஸ். பினாங்கு ரோஜாக் என்ற பழக்கலவையின் கறுப்புச் சாஸ் 'ஹே கோ' என்ற இறால் பாகு, ஒரே பாத்திரத்தில் இறாலும் சீனியும். யோங் தௌ ஃபூவில் டோஃபுவுக்குள் இருப்பது மீன் விழுது. சைவக் கடைக்கு வெளியே அதை நம்ப வேண்டாம்.

இதுவரை சைவத்துக்கு. கீட்டோவுக்கு மூன்று சொல் போதும்: "குலா தாக் மாவ்" சீனி வேண்டாம், "தெப்போங் தாக் மாவ்" மாவு வேண்டாம், "கிச்சாப் மானிஸ் தாக் மாவ்" இனிப்புச் சோயா சாஸ் வேண்டாம். பொட்டலத்தின் பின்பக்கத்திலும் இதே சொற்கள்தான். தெப்போங் ஜாகோங் சோளமாவு, தெப்போங் ஊபி காயூ மரவள்ளி மாவு, தெப்போங் காண்டூம் கோதுமை மாவு, கன்ஜி என்றால் ஸ்டார்ச். நம் கஞ்சி இல்லை அது.

குடிப்பதில் போகும் கணக்கு

கோப்பி என்று மட்டும் கேட்டால் கெட்டிப்பால் ஊற்றியது. 'ஓ' என்றால் பால் இல்லை, சீனி உண்டு. 'சி' என்றால் சுண்டக் காய்ச்சிய டின் பால், சீனியும் உண்டு. கடைசியில் 'கோசோங்' சேர்த்தால் சீனி போகும். கெட்டிப்பாலில் நூற்றுக்கு ஐம்பத்தைந்து பங்கு மாவுச்சத்து. தே தாரிக் என்ற ஆற்றிய பால் டீயில் இரண்டு மேசைக்கரண்டி விழுந்தாலே 20 கிராம் தாண்டும், அன்றைய கணக்கில் பாதிக்கு மேல் ஒரே கிளாஸில். 'கூராங் மானிஸ்' (இனிப்புக் குறைவாக) கேட்பது நப்பாசை, ஊற்றுகிறவர் கை எப்படியோ அப்படித்தான். இங்குள்ள வழக்கப்படி கோப்பிக் கொட்டையையே சீனியும் மார்ஜரினும் சேர்த்துத்தான் வறுக்கிறார்கள். கோப்பி ஓ கோசோங்கிலும் அந்தக் கருகிய சீனியின் சாயல் இருக்கும். ஒரு கப்பில் அது பொருட்டில்லை, நாளுக்கு ஐந்து கப் குடிக்கிறவர்கள் நினைவில் வைக்கலாம்.

புட்டி பானங்களில் வேறொரு பொறி. 2019 ஜூலை 1 முதல், நூறு மில்லிக்கு ஐந்து கிராமுக்கு மேல் சீனி உள்ள பானங்களுக்கு அரசு லிட்டருக்கு 40 சென் வரி போட்டது, பிறகு அது ஏறியிருக்கிறது. தயாரிப்பாளர்கள் பலர் சீனியை அந்த ஐந்துக்குச் சற்றுக் கீழே இறக்கிவிட்டு, 'குறைந்த சீனி' என்று முகப்பில் போட்டுக்கொண்டார்கள். சர்க்கரைக்காரர்களுக்கு அது ஓரளவு நல்லதுதான். கீட்டோவுக்கு 500 மில்லி புட்டியில் 24 கிராம் சீனி. இளநீரிலும் ஒரு காய்க்குப் பன்னிரண்டு கிராம் தாண்டும். அதன் வழுக்கையைச் சுரண்டித் தின்றுவிட்டுத் தண்ணீரைக் கூட வந்தவருக்குக் கொடுத்துவிடலாம்.

தண்ணீர் மட்டும் போதாது, உப்பும் வேண்டும். கீட்டோவில் உடம்பு உப்பை வெளியே தள்ளும், முப்பத்திரண்டு டிகிரிப் புழுக்கத்தில் வியர்வை இன்னும் கொஞ்சம் தள்ளும். பத்துமலையின் 272 படிகளை ஏறியவுடன் தலை கிறுகிறுத்தால் பலர் சர்க்கரை இறங்கிவிட்டது என்று நினைத்துக் கரும்புச்சாறு தேடுவார்கள். பெரும்பாலும் அது உப்புக் குறைவு. ஏறுவதற்கு அரை மணி முன் அரை டீஸ்பூன் உப்பை ஒரு புட்டித் தண்ணீரில் கரைத்து, எலுமிச்சை பிழிந்து குடிக்கலாம். அதில் சோடியம் ஒரு கிராமுக்குச் சற்று மேல். ரத்தக்கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்களுக்கும் இது பொருந்தாது. தமிழ்க் கடையில் ரசமோ நீர்மோரோ இதே வேலையைச் செய்யும்.

அடுப்பு இருந்தால்

அடுக்குமாடி வாடகை வீட்டில் தங்குகிறவர்களுக்கு ஒரு சமையல் போதும், இரண்டு பேருக்கு ஆகும். தௌகுவா 300 கிராமைத் துணியில் சுற்றி, மேலே கனமாக ஏதாவது வைத்துப் பத்து நிமிடம் நீர் வடியவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் எண்ணெய் தெறிக்கும், துண்டு சிவக்காது. இரண்டு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெயில் எல்லாப் பக்கமும் சிவக்க வாட்டி எடுத்து வையுங்கள். அதே எண்ணெயில் தட்டிய செராய்த் (எலுமிச்சைப்புல்) தண்டு ஒன்று, கீறிய பச்சை மிளகாய் மூன்று, மஞ்சள்தூள் அரை டீஸ்பூன், எலுமிச்சை இலை இரண்டு, உப்பு முக்கால் டீஸ்பூன். நூறு மில்லி தண்ணீர் விட்டுக் கொதித்ததும் தீயைக் குறைத்து, கெட்டித் தேங்காய்ப்பால் 150 மில்லி ஊற்றி, தௌகுவாவையும் ஒரு கைப்பிடி வல்லாரையையும் போட்டு ஐந்து நிமிடம். தளதளவென்று கொதிக்கவிட்டால் பால் திரிந்து எண்ணெய் தனியாக மிதக்கும். சத்து போகாது, பார்க்கத்தான் நன்றாக இராது. மொத்தச் சட்டியிலும் மாவுச்சத்து ஒன்பது கிராமைத் தாண்டாது.

தேங்காய்ப்பாலைச் சந்தையில் 'சந்தான் பெக்காட்' என்று கேட்டால் கண் முன்னே துருவிப் பிழிந்து தருவார்கள். அன்றே தீர்த்துவிட வேண்டும், இந்த வெக்கையில் மாலைக்குள் புளிக்கும். டப்பாப் பாலில் தேங்காயும் தண்ணீரும் மட்டும் எழுதியிருந்தால் சரி. தேங்காய்ப்பால் தூளை மட்டும் தொடாதீர்கள், தூள் கட்டிப்பிடிக்காமல் இருக்க அதில் மால்டோடெக்ஸ்ட்ரின் சேர்ப்பது வழக்கம். அது மாவைவிட வேகமாகச் சர்க்கரையை ஏற்றும். நெய் வாங்கும்போதும் டின்னைத் திருப்பிப் பாருங்கள், பாமாயில் வனஸ்பதியும் அதே அலமாரியில் அதே நிறத்தில் நிற்கும்.

இவ்வளவு செய்தும் ஒரு நாள் சறுக்கும். உறவுக்காரர் வீட்டில் இடியாப்பத்தை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் யாரால் முடியும்? மறுநாள் எடை ஒன்றரைக் கிலோ கூடிக் காட்டலாம். அது பெரும்பாலும் தண்ணீர்தான், உடம்பு சேமிக்கும் ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் (சேமிப்புச் சர்க்கரை) மூன்று கிராம் தண்ணீரையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. பழைய நிலைக்கு இரண்டு மூன்று நாள் ஆகும். அதற்காகப் பட்டினி கிடக்க வேண்டியதில்லை, அடுத்த வேளை மூன்று முட்டை டாடாரில் தொடங்கலாம்.

கடைசியாக டுரியான், பினாங்கு போகிறவர்கள் கேட்காமல் இருக்க மாட்டார்கள். பாலிக் பூலாவில் ஜூன், ஜூலையில் மரத்தடியிலேயே உடைத்துத் தருவார்கள். நூறு கிராமில் நிகரம் 23 கிராம், கொழுப்பு ஐந்து. முழுப் பழம் என்றால் கணக்குப் போடுவதே வீண். ஒரு சுளையில் கொட்டை போகச் சதை நாற்பது கிராம் இருக்கும், ஒன்பது கிராம் மாவுச்சத்து. அன்றைக்கு மதியத் தயிரையும் புர்ஜி வெங்காயத்தையும் விட்டுவிட்டால் அந்தச் சுளை உங்களுடையது. பெரிய சுளையாகப் பார்த்துக் கேளுங்கள், கொட்டை சிறுத்ததாக.